பிடித்துக்கொள்ள ஒரு கை

நோயாளியை நீவுவது பற்றி டாக்டர்கள் முன்னால் பேசப் போகிற உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் நான் இந்த வேலையைச் செய்தேன். ஒருநாள்கூட நின்று பேசியதில்லை. எந்தக் கூட்டமானாலும் இரண்டு நாற்காலி போடச் சொல்வேன். ஒன்றில் நான், எதிரே உள்ளதில் கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர். அவர் கையை வாங்கி என் மடியில் துண்டின் மேல் வைத்து, எண்ணெய் தொட்டு நீவிக்கொண்டே பேசுவேன். ஒரு கை பிடியில் இருந்தால்தான் எனக்கு வாய் வரும். யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை இது. கூச்சத்தில் வந்த வழக்கம்.

ஆஸ்பத்திரியில் உங்களுக்காக எழுதித் தரச் சொன்னபோது முடியாது என்றுதான் சொன்னேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். பிறகு யோசித்துப் பார்த்தேன். எழுதும்போது யாரும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதனால் ஒப்புக்கொண்டேன். எண்ணெயை எவ்வளவு சூடாக்குவது, எந்தப் பக்கமாக நீவுவது, யாரை நீவக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை எழுதப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். ஆற்றங்கரையில் எங்கள் வீடு இருந்தவரை நடந்தே போய்விடுவேன். சர்க்கார் அந்த வீட்டை எடுத்துவிட்டுப் பெருங்குடிக்கு அப்பால் அடுக்குமாடியில் இடம் கொடுத்த பிறகு இரண்டு பஸ். என் மாமியார் சுளுக்கு நீவுகிறவர். அவர் கூடவே இருந்ததில் எனக்கும் அது கைக்கு வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

புற்றுநோய் முற்றியவர்களை வைத்துப் பார்க்கும் வார்டில் ஒரு ரிட்டையர் ஆன தபால்காரர் இருந்தார். மூன்று நாளாகத் தூக்கமில்லை. கட்டிலுக்குக் கீழே துடைத்துக்கொண்டிருந்தவள், அவர் கால் ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தைச் சாய்த்து வைத்து, அந்தக் காலைப் பிடித்து நீவினேன். கொஞ்ச நேரத்தில் அவர் குறட்டை விட்டார். நிமிர்ந்தால் வாசலில் பெரிய டாக்டரம்மா நிற்கிறார். வார்டுக்கு அவர்தான் தலைவர். என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"என்ன பண்ணினேள்?" என்றார்.

"ஒண்ணும் பண்ணல டாக்டரம்மா. காலைத் தொட்டேன். தப்புத்தான்."

"தப்பு இருக்கட்டும். இன்னொரு தரம் பண்ணுங்கோ, நான் பார்க்கணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் எங்கள் வார்டு நர்சுகளுக்குக் காட்டச் சொன்னார். பிறகு ஒருநாள் ஏசி ஹாலில் நாற்பது பேர் முன்னால் உட்கார வைத்து, கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். மைக் கிறீச்சிட்டது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்து ஓடிவிடலாம் என்று கதவைப் பார்த்தேன். டாக்டரம்மா எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். "பேச வேண்டாம். இதை நீவுங்கோ. பேச்சு தானா வரட்டும்." வந்தது. அரை மணி நேரம் பேசினேனாம். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

முடிந்ததும் தனியே கூப்பிட்டு ஒன்று சொன்னார். "நம்ம பண்றது துணை. மருந்துக்குப் பதில் இல்லை, மருந்துக்குத் துணை. இதை ஒருநாளும் மறந்துடாதேங்கோ." மறக்க மாட்டேன் என்று தலையாட்டினேன். எங்கே போனாலும் அதையே முதல் வார்த்தையாகச் சொன்னேன்.

எங்கள் அடுக்குமாடியில் விஷயம் பரவியபோது குழாயடியில் ஒரே கேலி. "இன்னாம்மே, டாக்டருங்களுக்கே கிளாஸ் எடுக்கிறியாமே! நாளைக்கு ஆப்பரேசனும் நீயே பண்ணிடுவ போல கீது!" இன்னொருத்தி, "எங்க மாமாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், அத்த மொதல்ல வெட்டு" என்றாள். நான் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உள்ளுக்குள்ளே பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

இனி சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வார்டின் மூத்த நர்ஸ். திருநெல்வேலிப் பக்கம். தி.நகரில் புடவைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கணவர் அந்தக் கடைகளில் ஒன்றில் சேல்ஸ்மேன். பிள்ளை இல்லை. பெயரை எழுத மாட்டேன், எங்கேயும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். எல்லாரும் கூப்பிட்டது போல நானும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். வெளியே பேசப் போகும்போது என்னைத் தனியே அனுப்பக் கூடாது என்று டாக்டரம்மா அவரைத் துணைக்கு அனுப்புவார். எண்ணெய்ப் பாட்டில், துண்டு, என் மூக்குக்கண்ணாடி எல்லாம் அவர் பையில்தான் இருக்கும். நான் திணறினால் முதல் வரிசையில் இருந்து கண்ணாலேயே, "ம், மேல போங்க" என்பார். அவரைவிட நான் பதினைந்து வயது மூத்தவள். அக்கா என்பார்.

அன்றைக்கு தி.நகரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டம். பெரிய பெரிய சர்ஜன்கள். அதில் ஒருவர், நல்ல உயரம், கையைக் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றிருந்தவர், கேட்டார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. இப்படித் தடவினதுல இதுவரைக்கும் எத்தனை பேருக்கு வியாதி குணமாச்சு?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எதிரே இருந்த நர்ஸின் கை என் மடியில் இருந்ததால் பயம் வரவில்லை.

"ஒருத்தருக்கும் இல்ல சார்."

"அப்புறம் எதுக்கும்மா இது?"

"தூக்கம் வருது சார். பக்கத்துல ஒரு ஆள் கீதுன்னு தெரியுது. அவ்ளோதான்."

சிரித்தவர்களும் கைதட்டினார்கள். அந்த உயரமான சர்ஜனே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "என் கையையும் கொஞ்சம் பாருங்க, நாளெல்லாம் கத்தி பிடிச்சுப் பிடிச்சு மரத்துப்போச்சு" என்று நீட்டினார். எனக்குக் கைதட்டல் பழக்கமில்லை. அது தலைக்கு ஏறும் என்பதும் தெரியாது.

கூட்டம் முடிந்து சிஸ்டர் வீட்டுக்குப் போனோம். காபி போட்டார். ஜன்னலுக்கு வெளியே கடைக்காரன் ஒருவன் ஓயாமல் கூவிக்கொண்டிருந்தான். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, செத்த என்னையும் பாருங்களேன்."

"இன்னா சிஸ்டர், கழுத்தா?"

"இல்லக்கா. அக்குள்ல என்னமோ கெடக்கு. துணி மாத்தையில தட்டுப்படுது."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

கையில் புண் இருந்தால் அக்குளில் நெறி கட்டும். காலில் புண் என்றால் தொடை இடுக்கில். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தொட்டால் வலிக்கும், விரலுக்குக் கீழே வழுக்கி நகரும், ஒத்தடம் கொடுத்து லேசாக நீவினால் நாலைந்து நாளில் அடங்கிவிடும். அந்த மாதிரி நூறு நெறி பார்த்தவள் நான். சிஸ்டருக்கு இருந்தது வலிக்கவில்லை. நகரவும் இல்லை. சுவரில் பதித்த புளியங்கொட்டை மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. என் விரல் நின்றுவிட்டது. இது வேறு என்று அந்த விரலுக்குத் தெரியும். இப்போதும் அந்த இடத்தை என் விரல் மறக்கவில்லை.

"என்னக்கா?" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே, "நெறிதானே?" என்றார்.

"கையில எங்கியாச்சும் கீறிக்கிச்சா?"

"போன வாரம் மருந்துக் குப்பி உடைக்கையில கண்ணாடி லேசா கீறிச்சு."

கையைத் திருப்பிக் காட்டினார். கோடு மாதிரி ஒரு தழும்பு, ஆறிப்போனது. அந்தக் கீறலை நாங்கள் இரண்டு பேரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

"அப்ப நெறிதான் சிஸ்டர். நீவினா கரைஞ்சிடும்."

அவர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். "உங்க கை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் காபி ஊற்றினார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒருத்தருக்கும் குணமாகவில்லை என்று அத்தனை டாக்டர்கள் முன்னால் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஹாலில் கேட்டவருக்கு உண்மையைச் சொன்னேன், என்னை நம்பின ஆளுக்குக் கரைஞ்சிடும் என்றேன்.

வியாழக்கிழமை அவருக்கு லீவு. வாராவாரம் வேலை முடிந்து தி.நகர் போவேன். உப்பு ஒத்தடம், விளக்கெண்ணெய். "கரையுதாக்கா?" என்பார். "கரையுது சிஸ்டர்" என்பேன். சில வாரம் எனக்கே அப்படித்தான் தோன்றியது. எண்ணெயில் ஊறின விரலுக்கு எல்லாம் மெத்தென்றுதான் இருக்கும்.

இரண்டாவது மாசத்தில் ஒருதடவை மெதுவாக, "டாக்டரம்மா கிட்ட ஒரு வாட்டி காட்டிடலாமா சிஸ்டர்?" என்று கேட்டேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அக்கா, பதினெட்டு வருசமா அந்த வார்டுல நிக்கேன். யாரு எந்தக் கட்டில்ல கெடந்தாங்க, எப்படிப் போனாங்கன்னு எனக்கு மனப்பாடம். நீங்க நெறின்னு சொன்னீங்கல்ல? அதோட விடுங்க."

விட்டுவிட்டேன். அவர் நர்ஸ், அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நான் அவர் மேல் சாய்ந்துகொண்டேன். இந்த அக்கா கை தப்பாது என்று அவர் என் மேல் சாய்ந்துகொண்டார். பயத்தில் இருக்கிற ஒரு ஆள் உங்களிடம் வந்து ஒரு வார்த்தையை அவரே எடுத்துக் கொடுத்து, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். அப்போது உங்கள் வாயை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கை சொன்னதை விட்டுவிட்டு நான் அவர் முகம் கேட்டதைச் சொன்னேன்.

நாலாவது மாசம் வார்டில் அவர் ட்ரிப் பாட்டிலை இடது கையால் மாட்டுவதைப் பார்த்தேன். வலது கை வீங்கியிருந்தது. வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. அந்த வியாழக்கிழமை கதவைத் திறந்ததுமே, "யார்ட்டயும் சொல்லிராதீங்க அக்கா" என்றார். சரி என்றேன். எட்டு நாள் அந்தச் சரியைக் காப்பாற்றினேன். அந்த எட்டு நாளைத்தான் நான் இன்னும் விழுங்க முடியாமல் இருக்கிறேன். முதல் நாள் செய்தது ஆசையில் வந்த தப்பு. அந்த எட்டு நாளும் தெரிந்தே இருந்தேன்.

ஒன்பதாவது நாள் காலையில் டாக்டரம்மா அறைக்குப் போய் நின்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. நிற்கிறேன், நிற்கிறேன், ஒரு சத்தமும் வரவில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு, அந்த முதல் கூட்டத்தில் நீட்டினது போலவே மேஜைக்கு மேல் கையை நீட்டினார்.

"இந்தாங்கோ. பிடிச்சுண்டு சொல்லுங்கோ."

பிடித்துக்கொண்டு சொன்னேன். பாதியிலேயே அந்தக் கை சில்லிட்டுப் போனது தெரிந்தது.

"எத்தனை மாசம்?"

"நாலு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "கையை விடுங்கோ. நான் போகணும்" என்றார். அப்போதுதான் நான் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. அந்த வயதில் அவர் வராண்டாவில் ஓடினதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். புற்று எலும்புக்குப் போயிருந்தது.

ஒருநாள் தைரியம் வந்து டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நாலு மாசம் முன்னாடியே வந்திருந்தா?"

"தெரியாது. அப்பவே எலும்புக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என் கண் எதிர்ல ஒரு மாசமா இடது கையால பாட்டில் மாட்டிண்டிருந்தா. நான் தினம் ரெண்டு வேளை ரவுண்ட்ஸ் போறேன். பார்க்கலை. நீங்க மட்டும் சுமக்கற பாரம்னு நினைக்காதேங்கோ."

ஆறுதலுக்காகச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை.

அதன் பிறகு நான் எங்கேயும் பேசப் போகவில்லை. சிஸ்டரை எங்கள் வார்டிலேயே சேர்த்தார்கள். பதினெட்டு வருடம் அவர் சுற்றிச் சுற்றி வந்த கட்டில்களில் ஒன்று. நான் கெஞ்சிக் கேட்டு வேறு மாடிக்கு மாற்றிக்கொண்டேன். மூன்று வாரம் போய்ப் பார்க்கவில்லை. படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் கணவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நாள் பூராவும் வாடிக்கையாளருக்குப் புடவை விரித்துக் காட்டுகிற மனிதர். அன்றைக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று துடைப்பத்தை ஓரமாக வைத்தேன்.

"அவ காலு எரியுதுங்கா அக்கா. தூக்கமே இல்ல. உங்க கை வந்தாத்தான் தூங்குவேங்கா."

போனேன். தலையில் முடியில்லை. பருத்தித் துணியைக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை.

"என்னக்கா, என்னையத் தொட மாட்டீங்களா? ஒட்டிக்கிடும்னா?"

"சிஸ்டர்..."

"அழாதீங்க. அழுதா கை நடுங்கும். நல்லா நீவ வராது."

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். தினமும் போக ஆரம்பித்தேன். நடந்ததைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவர் தூங்குவார், நான் எழுந்து வருவேன்.

இந்தச் சமயத்தில்தான் மயிலாப்பூரில் டாக்டர்கள் கூடும் ஒரு பெரிய கூட்டத்தில் பேசச் சொல்லி டாக்டரம்மா கேட்டார்.

"வேணாம் டாக்டரம்மா. என் வாயிலேர்ந்து வர்ற எதையும் இனிமே யாரும் நம்பக் கூடாது."

"இத்தனை வருஷமா நல்லதை மட்டுமே சொல்லிண்டிருந்தோம். அதுதான் தப்பாப் போச்சு. இதை அவாளுக்குச் சொல்லணும். நான் சொன்னா கேஸ் மாதிரி கேட்டுட்டுப் போயிடுவா. நீங்க சொல்லணும்."

முடியாது என்று வந்துவிட்டேன். அன்றைக்கு நீவும்போது சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"மாட்டேன்னுட்டீங்களாமே?"

"ஆமா சிஸ்டர்."

"நான் வாரேன். எதிர் நாற்காலியில நான் உக்காருதேன். என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க. அது நான்தான்னு மட்டும் சொல்ல வேண்டாம்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் கார் கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஹாலுக்கு வந்தவர்கள், தலையில் துணி கட்டிய ஒரு நோயாளி எனக்கு உதவிக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். எதிரே உட்கார்ந்து இடது கையை என் மடியில் வைத்தார். வலது கை நீவக் கூடிய நிலையில் இல்லை. ஒரு நர்ஸ் மைக்கை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சொன்னேன். புளியங்கொட்டை, கீறல், காபி, வியாழக்கிழமை, எட்டு நாள், எல்லாம். "ஒரு நர்ஸம்மா" என்று சொல்லித்தான் சொன்னேன். அவர் கை என் கைக்குள் அசையாமல் இருந்தது. கடைசியில், "உங்க கிட்ட சொல்லாதத எங்க கிட்ட சொல்றாங்க சார். நாங்க அத்த எங்க கிட்டயே வச்சிக்கினா, அந்த ஆளு ரெண்டு பேர் கிட்டயும் இல்லாம நடுவுல பூடுறாங்க" என்று முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

பின்வரிசையில் ஒரு இளம் டாக்டர் எழுந்தார். நல்ல பிள்ளை. குரலில் கேலி இல்லை.

"அம்மா, அந்த நர்ஸ் உங்களை மன்னிச்சிட்டாங்களா?"

என் விரல் அவர் உள்ளங்கையில் நின்றுவிட்டது. தலையை நிமிர்த்த முடியவில்லை. அப்போது சிஸ்டர் மைக் பக்கமாகக் கொஞ்சம் குனிந்தார்.

"அவங்ககிட்ட அத யாரும் கேக்கல சார். கேட்டிருந்தா இல்லன்னுதான் சொல்லியிருப்பாங்க."

சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீவுங்க அக்கா. ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார்.

நீவினேன். முதல் வரிசையில் டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

திரும்பும்போது கார் லஸ் முனையைத் தாண்டினதும் அவரே கேட்டார்.

"கோவமாக்கா?"

"இல்ல சிஸ்டர். நெசந்தான."

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொன்னேன். என்னையவும் நான் மன்னிக்கல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்துக்கொண்டே, "நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க?" என்றார்.

"பத்துக்கு."

"ஒம்பதுக்கு வாங்க. எரிச்சல் அப்பவே ஆரம்பிச்சிருது."

மழை தொடங்கின மாசத்தில் ஒருநாள், ஒன்பது மணிக்குப் போய் வழக்கம்போலக் கால்மாட்டில் உட்கார்ந்தேன். கணவர் தலைமாட்டில் இருந்தார். நர்சுகள் அவரவர் வேலையில் இருந்தார்கள். சிஸ்டர் தூங்குவது போலத்தான் இருந்தார். மானிட்டர் எதுவும் போட வேண்டாம் என்று அவரே சொல்லி வைத்திருந்தார். அந்தப் பாதத்தில் சூடு இறங்குவது முதலில் என் விரலுக்குத் தெரிந்தது. விரலில் இருந்து கணுக்கால் வரை, மெதுவாக. கணவர் என் முகத்தைப் பார்த்தார். "தூங்குதாளா அக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லச் சொல்லி அந்த முகமும் கேட்டது.

"இல்லங்க," என்றேன். "டாக்டரம்மாவக் கூப்புடுங்க."

அதற்குப் பிறகும் ஆறு வருடம் போல நான் பேசப் போனேன். டாக்டரம்மா ஓய்வு பெற்ற பிறகும் போனேன். எங்கே போனாலும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னேன். சில இடத்தில், இதெல்லாம் சொன்னால் நம் மேல் நம்பிக்கை போய்விடும் என்று ஏற்பாடு செய்தவர்கள் வருத்தப்பட்டார்கள். போனால் போகட்டும். நம்மை ரொம்ப நம்பினதால்தான் ஒருவர் அந்தக் கட்டிலுக்கு நாலு மாசம் தாமதமாக வந்தார்.

இப்போது எனக்கு விரல் மடங்குவதில்லை. இனிமேல் அந்த நாற்காலியில் நீங்கள்தான் உட்காரப் போகிறீர்கள். இந்தக் கதையை எனக்குப் பிறகு பேசுகிறவர்களும் சொல்ல வேண்டும் என்று கடைசி நாட்களில் சிஸ்டரே கேட்டுக்கொண்டார். சொன்னால் கட்டாயம் யாராவது ஒருவர் எழுந்து, அந்த நர்ஸ் மன்னித்தாரா என்ற அதே கேள்வியைக் கேட்பார். எனக்கு எல்லா ஊர்க் கூட்டத்திலும் கேட்டார்கள். கேட்கிறவர் நல்லவராகத்தான் இருப்பார். அவருக்கு வேண்டிய பதில் அவர் முகத்திலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்து இரங்கி, கடைசியில் மன்னித்துவிட்டார் என்று நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள்.

இல்லை என்று சொல்லுங்கள். சொல்லும்போது மடியில் இருக்கிற கையை விட்டுவிடாதீர்கள், நீவிக்கொண்டே இருங்கள்.